எந்த எண்ணெய் ஊற்றுவது?

தலைக்கு நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா என்ற சர்ச்சை மயிலாப்பூரில் எத்தனையோ தலைமுறையாக நடந்து வருகிறது. இரு கட்சியாரும் இன்னும் சமாதானத்துக்கு வந்தபாடில்லை. அதற்குள் புதிதாக இன்னொரு சர்ச்சையும் வீடு தேடி வந்துவிட்டது. மோட்டாருக்கு 'மினரல்' எண்ணெயா, 'ஸிந்தெடிக்' எண்ணெயா என்பதே அது.

நான் பள்ளிக்கூட உபாத்தியாயன், மாதச் சம்பளக்காரன். வயது முதிர்ந்த தாயாரை வேளை கெட்ட வேளையில் வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டுமே என்று கடன்பட்டு ஒரு சிறிய கார் வாங்கினேன். அதற்கு மூன்று ஸிலிண்டரும் ஒரு டர்போவும் உண்டு. நடு இரவில் அது கிளம்பாமல் மக்கர் செய்தால் என் கதி என்ன? ஆகையால் எண்ணெய் விஷயம் எனக்கு வெறும் திண்ணை வம்பு அன்று.

யோசனை சொல்லுவோருக்கா பஞ்சம்! "ஆயில்னா எல்லாம் ஆயில்தான் ஸார். பேரைச் சொல்லிக் காசு பறிக்கிறாங்க" என்றார் மந்தைவெளி மெக்கானிக். அடையாற்றிலுள்ள என் மைத்துனனோ, "உசத்தி ஸிந்தெடிக்கை ஊத்திட்டா 15,000 கிலோமீட்டருக்குத் திரும்பியே பார்க்க வேண்டாம், அத்திம்பேர்" என்றான். இருவர் சொன்னதிலும் பாதி நிஜம் இருந்தது. மீதிப் பாதியில்தான் ஆபத்து.

டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுவது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பது. இந்த யுக்திக்கு ஸ்விட்ஜர்லாந்து தேசத்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் ப்யூகி 1905-ஆம் வருஷத்திலேயே பேடன்ட் பெற்றார். அதிகக் காற்றுக் கிடைப்பதால் சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்கிறது. ஆனால் அந்த அச்சோ நிமிஷத்துக்கு 2 லட்சம் தடவைகூடச் சுழலக் கூடியது. வண்டி முழு வேகத்தில் இழுக்கும்போது அதன் ஒரு முனையைத் தாக்கும் புகையின் உஷ்ணம் 900 டிகிரியை எட்டும். இவ்வளவுக்கும் நடுவே அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். மாட்டு வண்டியில் மசகு வற்றினால் சக்கரம் கிறீச்சிட்டு நம்மை எச்சரிக்கும். டர்போவில் சத்தம் கேட்கும்போது அநேகமாகக் காரியம் மிஞ்சியிருக்கும்.

வேகமாக ஓடிய வண்டியைச் சட்டென்று நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடுகிறது. உஷ்ணம் மட்டும் நிற்பதில்லை. அடுப்பில் வைத்து மறந்த வாணலியில் எண்ணெய் கரிந்து பிசுக்காக ஒட்டிக்கொள்ளுமே, அதே கதை அச்சைச் சுற்றியும் நடக்கிறது. இங்கேதான் எண்ணெயின் தராதரம் தெரிய வரும்.

மினரல் எண்ணெயை இழிவாக நினைக்க வேண்டியதில்லை. நம் மணலி சுத்திகரிப்பாலை 1969-இல் வேலை தொடங்கியது. மசகெண்ணெய்க்கு ஆதாரமான எண்ணெயை அது தயாரித்து வந்திருக்கிறது. டர்போ இல்லாத பழைய வண்டிகள் மினரல் எண்ணெயில் நெடுங்காலம் சௌக்கியமாகவே ஓடின. ஆனால் அந்த எண்ணெய் பல அளவு நொய்யும் கலந்த அரிசியைப் போன்றது. இலேசான பகுதி ஆவியாகும். மெழுகுப் பகுதி குளிரில் இறுகும். பலவீனமான பகுதி சீக்கிரம் கரியும். ஸிந்தெடிக் எண்ணெயின் அணுக்கூட்டங்களோ ஒரே அளவாகச் சலித்தெடுத்த அரிசியைப் போன்றவை. உஷ்ணத்தை அது அதிக நேரம் பொறுக்கும்.

ஆனாலும் டின்னின் மேலுள்ள அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ரஸாயன முறையில் புதிதாகக் கட்டி உண்டாக்கியதே ஸிந்தெடிக் என்று ஒரு காலத்தில் கொண்டார்கள். கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகப் பக்குவம் செய்ததையும் அப்படி அழைக்கலாமா என்று அமெரிக்காவில் மோபில் கம்பெனிக்கும் காஸ்ட்ரால் கம்பெனிக்கும் வழக்காடல் நடந்தது. விளம்பரங்களை விசாரிக்கும் சபை 1999-இல், அழைக்கலாம் என்று காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆக, பெயர் ஒன்று, சரக்குப் பல.

பெயரைவிட முக்கியம், டின்னின் பின்புறத்திலுள்ள சிறிய எழுத்துக்கள். டர்போ பெட்ரோல் எஞ்சின்களில், வேகம் குறைந்து பாரம் மிகுந்திருக்கும்போது, பெட்ரோல் காலத்துக்கு முன்பே தீப்பற்றிப் பிஸ்டனையே உடைத்துவிடுவதுண்டு. எண்ணெயில் சேர்க்கும் கால்சியச் சரக்கு இதைத் தூண்டுகிறதென்று கண்டார்கள். இதற்குத் தக்க சோதனையில் தேறிய எண்ணெய்களுக்கு 2020-ஆம் வருஷம் முதல் 'ஏ.பி.ஐ. எஸ்.பி.' என்ற முத்திரை உண்டு. புகை வடிகட்டி பொருத்திய டீஸல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த வேறு வகை எண்ணெய் வேண்டும். '5 டபிள்யூ 30' என்பதில் முதல் எண் குளிர்காலத்தைக் குறிப்பது. மார்கழி பஜனை வேளையிலும் 20 டிகிரிக்கு அதிகம் இறங்காத நம் ஊரில் அந்த எண்ணுக்காக ஏங்க வேண்டாம். கொதிக்கும் எஞ்சினில் எண்ணெயின் கனத்தைச் சொல்லும் இரண்டாவது எண்ணே நமக்கு முக்கியம்; அதையும் நாமாக மாற்றக் கூடாது.

இனி என் மைத்துனனின் 15,000 கிலோமீட்டர். பாண்டி பஜாரிலிருந்து லஸ் முனைக்கு வரும் வழியில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஊர்கிறோம். அப்போது தூரம் காட்டும் முள் தூங்குகிறது. எஞ்சினோ விழித்திருந்து உழைக்கிறது. இரண்டு கிலோமீட்டர் தூரத்துக் காய்கறிக் கடைக்குப் போனாலோ, எண்ணெய் நன்றாகக் காய்வதற்குள் வீடு வந்துவிடும். அதில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் தங்கிவிடுகின்றன. நின்று நின்று ஊர்வதையும் வெயிலையும் புழுதியையும் வண்டிக் கையேடுகள் 'கடுமையான உபயோகம்' என்றே சொல்லுகின்றன. நம் சென்னை வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை உண்டோ?

யோசித்து நான் செய்த முடிவு இது: கையேடு குறிப்பிடும் தரத்தில் ஸிந்தெடிக் எண்ணெய், ஆனால் கடுமையான உபயோகத்துக்கென்று விதித்த குறுகிய தவணையில் மாற்றிவிடுவது. தூரம் ஆகாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை தவறாது. நாலு லிட்டருக்கு நான் அதிகமாகக் கொடுப்பது குடும்பத்தோடு ஒரு நாள் ஹோட்டலில் சாப்பிடும் செலவு. டர்போவை மாற்றினாலோ என் மாதச் சம்பளத்துக்குள் அடங்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்து வந்த நாளில் நிறுத்துமுன் ஒரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓட விடுகிறேன். மாதம் ஒரு முறை கம்பியை இழுத்து அளவு பார்க்கிறேன். முத்திரை உடையாத டின்னை என் எதிரில் திறக்கச் சொல்லி, காலி டின்னைத் துளைத்த பிறகே கொடுக்கிறேன். மெக்கானிக்குக்கு இதில் சற்று மனத்தாங்கல்தான்.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை. என் அபிப்பிராயத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம். உங்கள் வண்டியின் முன் அறையில், இன்ஷூரன்ஸ் காகிதத்துக்கும் கோயில் விபூதிப் பொட்டலத்துக்கும் அடியில், ஒரு புத்தகம் பிரிக்கப்படாமல் கிடக்கும். பாடப் புத்தகத்தைத் திறவாமலே பரீட்சைக்கு வரும் பையன்களை இருபது வருஷமாகப் பார்த்து வருகிறவன் சொல்லுகிறேன்: முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள்.