செம்மண் மேட்டில் ஒரு மணவினை

சென்ற தை மாதத்தில், ஸ்காபரோவிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் பனி முழங்காலளவு குவிந்து கிடந்த ஒரு மாலைப்பொழுதில், என் தங்கையின் மகள் வந்து, தேநீர் ஆறிப்போகும்வரை மௌனமாக இருந்துவிட்டு, "மாமா, மண்டபமும் வேண்டாம், ஐந்நூறு சனமும் வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் செல்டன்ஹாம் செம்மண் மேட்டுக்குப் போய்க் கலியாணம் செய்யப்போறம். அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ" என்றாள். அவள் காட்டிய படத்தில், மரமும் புல்லுமற்ற செந்நிறத் திட்டுகள் அலைமேல் அலையாக எழுந்து தாழ்ந்து கிடந்தன. அதைக் கண்டவுடன் என் சிந்தையில் எழுந்த சொல் 'உடன்போக்கு' என்பதே.

ஓடிப்போதல் என்று நாம் குரலைத் தாழ்த்திச் சொல்லும் அச்செயலுக்கு நம் முன்னோர் எத்துணைக் கௌரவமான பெயரிட்டு, பாலையையே அதற்குரிய நிலமாகவும் வகுத்து வைத்தனர்! கொடுத்தற்குரியவர் இல்லாதவிடத்தும், காதலர் இருவரும் உடன்போய காலத்தில் மணச்சடங்கு உண்டு என்று விதித்தவர் தொல்காப்பியர். ஆகவே என் மருமகள் புதுமை ஒன்றையும் செய்யத் துணியவில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவள் தேர்ந்த இடமோ மெய்யாகவே பாலை. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று இளங்கோவடிகள் கூறினாரல்லவா? ரொறன்ரோவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில், கலிடன் ஊரெல்லையில் இருக்கும் அந்நிலத்தில் ஒருகாலத்தில் காடு இருந்தது. குடியேறியவர்கள் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்க, கால்நடைகள் புல்லை வேரோடு மேய, மேல்மண் மழையில் கரைந்தோட, சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த களிப்பாறை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிப்பட்டுவிட்டது. இரும்புத் துரு அதற்குச் செம்மை தந்தது. நிலத்தடி நீர் ஊடுருவி அந்த இரும்பின் தன்மையை மாற்றிய இடங்களில் மட்டும் இளம்பச்சைக் கீற்றுகள் ஓடுகின்றன. பார்க்க வந்தவர்களின் பாதங்களே அப்பாறையை மேலும் தேய்த்தமையால் 2015இல் அவ்விடத்தை மூடி, மரப்பலகை நடைபாதை அமைத்து, 2018இல் மீண்டும் திறந்தார்கள். இன்று மண்ணில் இறங்கலாகாது. பலகை மேல் நின்று காணலாம்.

ஏற்பாட்டுப் பொறுப்பு என்மேல் விழுந்தது. வண்டி நிறுத்த முன்பதிவு வேண்டும். இலையுதிர்காலத்தில் கூட்டம் நெரியும் என்பதால் ஆனி மாதத்து வாரநாட் காலை ஒன்றைக் குறித்து, அங்கே சிறு சடங்கு நடத்த அனுமதி கேட்டும் எழுதியிருக்கிறேன். ஒன்ராறியோவின் திருமண அனுமதிப்பத்திரம் 90 நாட்களுக்கே செல்லுமாதலால் அதைச் சித்திரை பிறந்த பின்னரே வாங்கவேண்டும். மணத்தை நடத்திவைக்கப் பதிவுபெற்ற ஒருவரும், கையொப்பமிட இரு சாட்சிகளும் இன்றி இங்கே மணம் இல்லை.

சாட்சி என்ற இடத்தில்தான் என் மனம் தடைப்பட்டது. மகளைத் தேடிச் சுரவழியில் எதிர்ப்பட்டவரையெல்லாம் விசாரித்து அலையும் செவிலித்தாயின் துயரத்தைக் கலித்தொகையில் படித்துக் கலங்கியவன் நான். என் தங்கையை அவ்விதம் அலையவிட எனக்கு மனம் வரவில்லை. "பிள்ளை, ஐந்நூறு பேரை விடு, சட்டம் கேட்கிற இரண்டு பேரில் ஒருத்தி உன் அம்மாவாக இருக்கட்டும்" என்றேன். அவள் நெடுநேரம் அழுதாள். மறுநாள் தானே போய்ச் சொன்னாள். தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில், தாலிக்கொடி எத்தனை பவுணில் செய்விப்பது என்று மட்டும் கேட்டாள்.

எண்பத்தாறு வயதான எங்கள் தாயாரையும் சக்கர நாற்காலியில் அப்பலகைப் பாதையில் அழைத்துச் செல்லலாம் என்று அறிந்து, படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் ஊரான உரும்பிராயின் தோட்டத்து வரம்பைப் பார்ப்பவர் போலக் குனிந்து பார்த்து, "இது எங்கட செம்பாட்டு மண்ணெல்லோ!" என்றார். பிறகு, "ஒருக்காக் கால் வைச்சுப் பாக்க விடமாட்டாங்களோ?" என்று கேட்டார். விடமாட்டார்கள் என்றேன். அவர் சுட்டுவிரலை அச்செம்மைமேல் வைத்தபடியே இருந்தார்.