வாவிக்கரையும் மலைக்கல்லறையும்

கல்லடிப் பாலத்தில் மாலை வேளையில் நின்று பார்த்தவர்களுக்கு மட்டக்களப்பு வாவியின் அழகை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற பழைய இரும்புப் பாலத்தில் நம் மாணவர் சிலர் கைப்பேசியாற் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். கணப்பொழுதிற் பத்துப் படங்கள்! அவர்களைக் கண்டதும், சென்ற விடுமுறையில் நாம் கண்டுவந்த கல்லறையொன்று நினைவுக்கு வந்தது.

பதுளை வழியாக மலையேறி, ஹட்டனைக் கடந்து, தேயிலைத் தோட்டங்களினூடே பொகவந்தலாவையை அடைந்தோம். அங்குள்ள புனித மரியாள் தேவாலய வளவில் துயில்கிறார் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரனும் அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டுள்ளார். வரலாற்றுப் பாடத்தில் நம் மாணவர் மனனஞ் செய்யும் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தத்தின் கமரன் இவரே.

1815இற் கல்கத்தாவிற் பிறந்த அம்மையார், தமது 48ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமராவினாற் கலைஞரானார். இங்கிலாந்தின் வைட் தீவில் அவருடைய கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். எதிரே இருப்பவரோ நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டும். கவிஞர் டெனிசனும் அறிஞர் டார்வினும் அவ்வாறே அமர்ந்தனர். படங்கள் மங்கலாயுள்ளன என்று சிலர் குறை கூறினர். அம்மையார் தேடியதோ முகத்தினூடே தெரியும் உள்ளத்தை.

1875இல் அவர்கள் இலங்கையிற் குடியேறியபோது, அவர்தம் கோப்பித் தோட்டங்களை நோய் அரித்துக்கொண்டிருந்தது. 1879இல் அம்மையார் மறைந்தார். இங்கு அவர் எடுத்த படங்களுட் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றிலுள்ள இந்நாட்டு உழைப்பாளர் முகங்களும் கண்ணியம் மிக்கவை. ஆயினும் டெனிசனின் பெயரை உலகம் அறியும். இவர்தம் பெயர்களோ பெரும்பாலும் எழுதிவைக்கப்படவில்லை.

இக்குறை நம் வீட்டிலும் உண்டு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் சேற்றிலிருந்து மீட்ட அம்மம்மாவின் படத்தில், அவர் தோளைத் தொட்டு நிற்கும் பெண் யாரென்று சொல்ல இன்று எவருமில்லை.

இவற்றையெல்லாம் பாலத்து மாணவரிடம் கூறி, வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்தில், பெரியோரிடம் கேட்டுப் பெயர்களை எழுதிவைக்குமாறு சொன்னோம்.

"எங்கள் அம்மம்மாவுக்கு இப்போது கண் தெரியாதே, சேர்?" என்றான் ஒருவன்.

"படத்தில் உள்ளதை நீர் சொல்லும், தம்பி, பெயரை அவர் சொல்வார்" என்றோம்.

அவன் கைப்பேசியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, இருட்டுமுன் வீடு நோக்கி நடந்தான்.