செந்தாடி இழந்த இடிக்கடவுள்

இடிக்கடவுளாகிய தோர் ஒருநாள் துயில் எழுந்தபோது தன் சுத்தியலைக் காணவில்லை. தாடி சிலிர்க்க, தலைமயிர் அலைய, நாற்புறமும் தடவித் தேடினான். அதனைக் களவாடியவன் திரிம் என்னும் அரக்கர்கோன். மண்ணுக்கு அடியில் நெடுந்தொலைவு ஆழத்தில் புதைத்து வைத்துவிட்டு, அழகுத் தெய்வமாகிய பிரெய்யாவைத் தனக்கு மணமுடித்துத் தந்தால்தான் சுத்தியலைத் திருப்பித் தருவேன் என்றான். பிரெய்யா சினந்து மறுத்தாள். தேவர்கள் கூடி ஆராய்ந்தனர். தோருக்கே மணப்பெண் கோலம் பூட்டி அனுப்பலாம் என்று வழி கூறினான் ஹைம்டால். முகத்தை மறைத்த முக்காடும் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துமாகத் தோர் புறப்பட்டான். தந்திரக்காரனாகிய லோகி தோழிப்பெண்ணாக உடன் சென்றான். விருந்தில் மணமகள் ஓர் எருதையும் எட்டு மீன்களையும் உண்டு முடித்ததைக் கண்டு திரிம் திகைத்தான். மணநாளை எண்ணி ஏங்கிய பெண் எட்டு இரவுகள் உணவு கொள்ளவில்லை என்று லோகி சமாளித்தான். மணச்சடங்கின்படி சுத்தியல் மணமகளின் மடியில் வைக்கப்பட்டது. அதன்பின் அம்மண்டபத்தில் திரிமும் அவன் சுற்றமும் உயிரோடு எஞ்சவில்லை.

வடபுல ஐரோப்பாவின் பழம்பாடல் ஒன்று கூறும் கதை இது. நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் வாழ்ந்த நார்ஸ் மக்கள், கிறித்தவம் பரவுவதற்கு முன் வணங்கிய தெய்வங்களைப் பற்றிய தொன்மங்களுள் நகைச்சுவை மிக்கதும் இதுவே எனலாம். 2011ஆம் ஆண்டு வெளியான 'தோர்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை மட்டும் கண்டவருக்கு இக்கதை புதிராகத் தோன்றும். அப்படத்தில் தகுதியுடையவன் மட்டுமே அச்சுத்தியலைத் தூக்க இயலும். மற்றவர் எத்துணை வலியராயினும் அது அசையாது. தொன்மத்தில் அப்படி ஒரு விதி இல்லை. இருந்திருந்தால் திரிம் அதனைத் திருடியிருக்க முடியாது. தோர் மணக்கோலம் பூண்டிருக்கவும் வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரே ஒரு விதி, பழைய கதை ஒன்றை ஓசையின்றி அழித்துவிடுகிறது.

இவ்விதியைத் திரைப்படம் புனைந்துகொள்ளவில்லை. 1962ஆம் ஆண்டில் ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கர்பி ஆகியோர் மார்வெல் நிறுவனத்தின் படக்கதை இதழில் தோரைச் சூப்பர் ஹீரோவாக அறிமுகப்படுத்தியபோதே அது வந்துவிட்டது. தொன்மத்தின் தோர் செந்தாடிக்காரன், முன்கோபி, பெருந்தீனிக்காரன். படக்கதையின் தோரோ பொன்னிற முடியும் மழித்த முகமும் உடைய இளைஞன். திரைப்படம் அவனுக்குத் தாடியைத் திருப்பித் தந்தது; செந்நிறத்தைத் தரவில்லை.

ஆதலால் இரசிகர்களின் குறைகூறல் ஒரே திசையிலிருந்து எழவில்லை. தொன்மம் பயின்றவர்கள் பழம்பாடல்களை மூலம் என்றனர். படக்கதை படித்து வளர்ந்தவர்களுக்கோ 1962ஆம் ஆண்டே மூலம். தோரின் மனைவி சிஃபின் கூந்தல் இதற்குத் தக்க சான்று. அவள் கூந்தலை லோகி விளையாட்டாக வெட்டிவிட, தோரின் சினத்துக்கு அஞ்சிக் குள்ளர்களிடம் சென்று பொன்னாலேயே கூந்தல் செய்வித்துக் கொணர்ந்தான் என்பது தொன்மம். படக்கதையில் அவள் கருங்கூந்தலாள், திரைப்படத்திலும் அவ்வாறே. ஒரு சாரார் சரி என்றதையே மறுசாரார் பிழை என்றனர். மூலத்துக்கு உண்மையாக இருத்தல் வேண்டும் என்று இருவரும் கூறினர். எந்த மூலத்துக்கு என்பதில்தான் வேறுபாடு.

மிகக் கடுமையான எதிர்ப்பு வேறோர் இடத்தில் எழுந்தது. வானவில் பாலத்தின் காவலனான ஹைம்டாலாக இட்ரிஸ் எல்பா என்னும் கருப்பின நடிகர் நடித்ததைச் சிலர் பொறுக்கவில்லை. படத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்ற அறைகூவலும் எழுந்தது. பழைய நூல்கள் ஹைம்டாலை வெண்மையோடும் ஒளியோடும் இணைத்துப் பேசுவது உண்மையே. அவன் ஒன்பது தாயருக்குப் பிறந்தவன் என்பதையும், புல் வளரும் ஓசையையும் ஆட்டின் உடலில் மயிர் வளரும் ஓசையையும் கேட்கவல்லவன் என்பதையும் அதே நூல்கள்தாம் கூறுகின்றன. அவ்வொன்பது தாயர் திரையில் இல்லையே என்று எவரும் படத்தைப் புறக்கணிக்க அழைக்கவில்லை. சுத்தியல் தானே பறந்து வருவதை ஏற்பவர்கள் தோலின் நிறத்தை ஏற்க மறுப்பது ஏன் என்னும் பொருள்பட அந்நடிகர் எழுப்பிய வினாவுக்கு நேர்மையான விடை வரவில்லை. தொன்மத்தின் மீதுள்ள பற்று அங்கே பேசவில்லை. தொன்மத்தின் ஆடையை உடுத்துக்கொண்டு வேறொன்று பேசியது.

இத்துணை ஆரவாரத்துக்கு நடுவே, உண்மையிலேயே பெரிதான ஒரு மாற்றம் அதிகம் பேசப்படாமல் போயிற்று. தேவர்களின் தலைவனாகிய ஓடின் ஒற்றைக் கண்ணன். மீமிர் என்பவனின் கிணற்று நீரில் அறிவு உறைந்திருந்தது. அதில் ஒரு வாய் அருந்துவதற்கு விலையாக ஓடின் தன் கண்ணையே தந்தான் என்கிறது தொன்மம். திரைப்படத்தில் அக்கண் பனி அரக்கர்களோடு நிகழ்த்திய போரில் போகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மூடிய கண்ணும் முதியவன் முகமும் மாறவில்லை. ஆனால் ஒன்று விழுப்புண், மற்றொன்று விலை. அறிய வேண்டும் என்ற வேட்கைக்காகத் தன் உடலில் ஒரு பகுதியைத் தானே கொடுத்த தலைவன், போரில் காயமுற்ற மன்னர் பலருள் ஒருவனாக ஆகிவிடுகிறான். தாடியின் நிறத்துக்கு வருந்தியவர்கள் இதற்கன்றோ வருந்தியிருக்க வேண்டும்!

லோகியின் நிலை சற்று வேறானது. தொன்மத்தில் அவன் தோரின் தம்பி அல்லன். ஓடினோடு குருதி கலந்து உடன்பிறப்பானவன். லௌஃபே என்பது அவன் தாயின் பெயர். தந்தை பெயரால் அன்றித் தாய் பெயராலேயே அவன் அழைக்கப்பட்டான். திரைப்படம் லௌஃபேயைப் பனி அரக்கர்களின் மன்னனாக, ஆணாக, லோகியின் தந்தையாக மாற்றியது. கைவிடப்பட்ட அரக்கக் குழந்தையை ஓடின் எடுத்து வளர்க்கிறான். உண்மை அறிந்த மகன் உடைந்து போகிறான். மூலத்தில் இல்லாத இத்துயரம் பார்வையாளர் பலரைப் பிணித்தது. டாம் ஹிடில்ஸ்டன் நடித்த லோகிக்குப் பெரும் இரசிகர் கூட்டம் திரண்டது. 2021இல் அவன் பெயரிலேயே தொடர் ஒன்றும் வெளிவந்தது. கண்ணை மாற்றியபோது பொருள் குறைந்தது. உறவை மாற்றியபோது புதிய பொருள் பிறந்தது.

மூலம் என்று அனைவரும் சுட்டுகின்ற நூல்கள் எவ்வாறு தோன்றின? ஐஸ்லாந்து ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் கிறித்தவத்தை ஏற்றது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1220ஐ ஒட்டி, ஸ்னோரி ஸ்டர்லூசன் என்னும் அறிஞர் 'எட்டா' என்ற உரைநடை நூலை இயற்றினார். அவர் கிறித்தவர், பழந்தெய்வங்களை வணங்கியவர் அல்லர். அவர் நோக்கமும் சமயம் சார்ந்தது அன்று. அந்நாட்டுப் புலவர்கள் பொன்னைப் பொன் என்னாமல் 'சிஃபின் கூந்தல்' என்பர். கதை தெரியாதவனுக்குக் கவிதை விளங்காது. புதிய தலைமுறையோ கதைகளை மறந்துகொண்டிருந்தது. இளம்புலவர்களுக்காக அவர் எழுதியது, இன்றைய வழக்கில் சொன்னால், ஒரு பாடநூல்தான். அதன் முன்னுரையில் இத்தெய்வங்கள் உண்மையில் திராய் நகரத்திலிருந்து வடக்கே வந்த மனிதர்கள் என்ற விளக்கம் காணப்படுகிறது. தம் சமயத்தோடு முரண்படாமல் அக்கதைகளைக் கூறுவதற்கு அவர் காலத்தில் அப்படியொரு வாயில் தேவைப்பட்டது போலும். மாற்றியவரே காத்தவரும் ஆனார்.

2017இல் வெளிவந்த மூன்றாம் படமான 'தோர்: ரக்னரோக்' மேலும் துணிந்தது. தொன்மத்தில் இறந்தோர் உலகின் தலைவி ஹெல், லோகியின் மகள். படத்தில் ஹெலா, ஓடினின் மூத்த மகள். ரக்னரோக் என்பது தேவர்களின் முடிவு. ஓடினை ஓநாய் விழுங்கும், தோர் பெரும்பாம்பைக் கொன்று அதன் நஞ்சால் ஒன்பது அடி நடந்து வீழ்வான் என்பது முன்பே கூறப்பட்டது. தம் முடிவை அறிந்தே வாழும் தெய்வங்கள் அவை. அவ்வறிவின் நிழல்தான் நார்ஸ் கதைகளுக்குத் தனிக் கனத்தைத் தருகிறது. படமோ அம்முடிவை நகைச்சுவையாக்கிற்று, தோரை உயிரோடும் விட்டது. சிலர் இதனை அவமதிப்பு என்றனர். மணப்பெண் கோலத்தில் எருது தின்ற தோரை நினைவூட்டி, பழம்பாடல்களும் தெய்வங்களைப் பார்த்துச் சிரித்தவைதாமே என்றனர் வேறு சிலர். பின்னவர் கூற்றில் நியாயம் உண்டு. ஆயினும் பழம்பாடல்கள் சிரித்த பின் சாவையும் பாடின. மாவோரி இனத்தவரான இயக்குநர் டைகா வைடிடி ஓரிடத்தில் அழுத்தமாக நின்றார்: அஸ்கார்டின் அரண்மனைக் கூரையில் தீட்டப்பெற்ற அமைதி ஓவியத்தை ஹெலா பெயர்த்தெறிய, அடியில் பழைய படையெடுப்புகளின் ஓவியம் வெளிப்படுகிறது. இப்பொன்னெல்லாம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை எந்த எட்டாவும் கேட்டதில்லை.

இக்கதைகளைக் கதையாக மட்டும் கருதாதோரும் உளர். ஐஸ்லாந்தில் 1972இல் பழந்தெய்வ வழிபாட்டினர் சங்கம் அமைத்தனர். மறு ஆண்டே அரசு அதனை ஏற்றது. அமெரிக்காவில் மறைந்த படைவீரர்களின் கல்லறைகளில் பொறிக்கத்தக்க சமயச் சின்னங்களுள் ஒன்றாகத் தோரின் சுத்தியல் 2013இல் சேர்க்கப்பட்டது. இரண்டு படங்களுக்கு இடையில், ஒரே சுத்தியல் பொம்மைக் கடையிலும் கல்லறையிலும் இருந்தது.

திரிமின் திருட்டைக் கூறும் பாடல் இன்று கிடைப்பதற்கு, 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சிறிய தோல்சுவடி ஒன்றே காரணம். 1662இல் அது டென்மார்க் மன்னருக்கு அனுப்பப்பட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அயல்நாட்டில் இருந்த அச்சுவடி, 1971 ஏப்ரலில் வானூர்தியை நம்பாமல் கப்பலில் ஏற்றி ரெய்க்யவிக் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. துறைமுகத்தில் பெருங்கூட்டம் காத்து நின்றது. சுவடியில் இன்று 45 ஏடுகள் உள்ளன. நடுவில் எட்டு ஏடுகள் இல்லை.