எட்டரை மணித் தீபம்

வெளிநாட்டுக்குக் குடிபோனவனைப் பார்த்தால் எல்லோரும் சம்பளம் என்ன என்று கேட்கிறார்கள். அவன் வீட்டுக்காரி பகல் முழுவதும் என்ன செய்கிறாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு குடும்பம் புது ஊரில் ஒட்டுமா, ஒட்டாதா என்பது அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போனபோது குடியிருக்கக் கிடைத்தது பன்னிரண்டாவது மாடி. 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்கு வீடு. அந்த நாட்டில் பெரும்பாலோர் இத்தகைய வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஓர் இனத்தார் ஒரே இடத்தில் கூடிவிடக் கூடாதென்று 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். அதனால் எங்களுக்கு இடப்பக்கம் மலாய்க் குடும்பம். வலப்பக்கம் ஒரு சீனப் பாட்டி.

பெண்ணுக்குக் கவலையில்லை. தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு ஆபீஸ். என் மனைவிக்குத்தான் திண்ணை இல்லை. போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுப் பேசியே வளர்ந்தவள், சாத்திய கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குப் போய், தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கும்போது முகம் மலரும். திங்கட்கிழமை மறுபடி வாடிவிடும். "பொங்கலுக்கு ஊருக்குப் போனா நான் திரும்பி வரமாட்டேன்" என்று ஒருநாள் சொல்லியும் விட்டாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கார்த்திகை வந்தது. எங்கள் ஊரிலிருந்து திருவண்ணாமலை சுமார் 20 கிலோமீட்டர். 2,668 அடி உயர மலைமேல் மாலை ஆறு மணிக்குத் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவது வழக்கம். சிங்கப்பூர்க் கடிகாரமோ நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. இருட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் அவள் அகல்களில் எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எட்டரைக்குத்தான் மலையிலே ஏத்துவாங்க" என்றாள்.

எட்டரைக்கு வாசல் நடையில் ஏற்றினாள். பன்னிரண்டாவது மாடிக் காற்று விடுமா? ஏற்ற ஏற்ற அணைந்தது. நாலாவது தடவை பக்கத்துக் கதவு திறந்தது. பாட்டி ஒரு நிமிஷம் பார்த்தாள், உள்ளே போனாள், பெரிய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து, காற்று வரும் பக்கம் மறைத்து வைத்தாள். தன் வாசலில் தினமும் ஊதுவத்தி ஏற்றுகிறவள். அந்தக் காற்றோடு அவளுக்குப் பழக்கமுண்டு. விளக்கு நின்றது. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அது எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் என் மனைவி அவித்த மல்லாட்டை கொண்டுபோய்க் கொடுத்தாள். "காச்சாங்" என்றாளாம் பாட்டி. அது மலாய்ச் சொல். நாங்கள் சொல்லும் மல்லாட்டை மட்டும் என்ன, மணிலாக்கொட்டை என்பதன் திரிபுதானே! தென் அமெரிக்காவில் பிறந்த கடலை, மணிலாவின் பெயரைச் சுமந்துகொண்டு வந்து, எங்கள் மண்ணில் வேர்விட்டு, எங்கள் ஊர்க்காரனாகவே ஆகிவிட்டது.

பொங்கலுக்கு ஊர் போனோம். பத்தாம் நாள் அவளே பெட்டி கட்டினாள். பாதிப் பெட்டி வறுத்த மல்லாட்டை.

"இவ்வளவு எதுக்குடி?" என்றார் என் மாமியார்.

"பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் சேர்த்துத்தான், அம்மா" என்றாள்.