ஈரலின் எதிரொலி

(இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



மலருக்குக் கவிதை ஒன்று தரும்படிதான் பேரவைச் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது. அதனால் இரண்டு வருடம் படித்த மின்னணுவியல் எங்கள் வீட்டில் எதற்குப் பயன்பட்டது என்று எழுதுகிறேன். விஷயம் ஈரலைப் பற்றியது. பாடப்புத்தகம் அதைக் கல்லீரல் என்று மரியாதையாகச் சொல்லும். எங்கள் செங்கோட்டைப் பக்கம் "அவருக்கு ஈரல் கெட்டுப்போச்சாம்" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆள் குடிகாரன்.

என் அப்பா ஒரு மர அறுவை மில்லில் லோடு ஏற்றி இறக்குகிறவர். ஒல்லியான தேகம். மதுவை ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. போன வருடம் வலது விலாப்பக்கம் வலி என்று போனபோது, கிட்னியில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். கல் இல்லை. தசைப்பிடிப்புதான், ஒரு வாரத்தில் போய்விட்டது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று' என்று இருந்தது. ஸ்கேன் எடுத்த இடத்தில் கவரை நீட்டினார்களே தவிர ஒரு வார்த்தை விளக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எனவே வாசிக்கிற வேலை என்னுடையது.

"என்னம்மா போட்டிருக்கு?"

"ஈரல்ல கொஞ்சம் கொழுப்பு சேந்திருக்காம்ப்பா."

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "மெதுவா சொல்லுட்டி. யாரு காதுலயும் விழுந்தா என்ன நினைப்பாவ?" என்று கவரைப் பிடுங்கி மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டார். வலியைவிட அந்த வரிதான் அவரை அதிகம் வாட்டியது. அம்மாவோ ஈரல் என்ற சொல்லைக் கேட்டதுமே மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டி, வாய்க்கால் கரையில் கீழாநெல்லி பறிக்கக் கிளம்பிவிட்டார்.

நான் ரிப்போர்ட்டை அரசு மருத்துவரிடம் காட்டிக் கேட்டேன். பிறகு நூலகத்திலும் தேடினேன். அப்போதுதான் தெரிந்தது, இந்த ஸ்கேன் முழுக்க நம் பாடம்தான் என்று! உடம்பில் வைக்கும் அந்தக் கைப்பிடிக்குள் இருப்பது பீசோ எலக்ட்ரிக் படிகம். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் அதிரும். 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த விளைவு இது. (தம்பி பியர்தான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர்.) அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர் 'டக்' என்று பொறி விடுவதும் இதனால்தான். வயிற்று ஸ்கேனில் அந்தப் படிகம் நொடிக்குச் சுமார் 35 லட்சம் தடவை அதிர்ந்து, காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்புகிறது. உடம்பில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் ஓடும். 15 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்பி வர 200 மைக்ரோ செகண்டுக்கும் குறைவு. அந்த எதிரொலியின் நேரமும் வலிமையுமே படமாகிறது. குளிர்ச்சியாக ஒரு பசை தடவுகிறார்களே, அது எதற்கு? நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். டிரான்ஸ்மிஷன் லைன் பாடத்தில் நம்மைப் படுத்தி எடுத்த இம்பீடன்ஸ் மேட்சிங்தான்!

நல்ல ஈரல் பக்கத்திலுள்ள வலது கிட்னியின் அதே சாம்பல் நிறத்தில், அல்லது ஒரு சுற்று வெளுப்பாகத் தெரியும். ஈரல் அணுக்களில் கொழுப்புத் துளிகள் சேர்ந்தால் ஒலி சிதறி, ஈரல் கிட்னியைவிட நன்றாக வெளுத்துக் காட்டும். அதுதான் முதல் கிரேடு. உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களின் விளிம்பு மங்கினால் இரண்டு. ஆழத்திலுள்ள உதரவிதானமே தெரியாமல் போனால் மூன்று.

அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது? மில்லில் தடி வந்து இறங்கினால், கோடாலியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டி, உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்லிவிடுவார் அவர். "அதேதான்ப்பா இதும். மெஷின் தட்டிப் பாக்கு, திரும்பி வார சத்தத்தைப் படமாப் போடுது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் குடிச்சேனா இல்லையான்னு அதுக்குத் தெரியாதுல்லா?" என்று கேட்டார். உண்மைதான். கொழுப்பு இருப்பதைத்தான் ஸ்கேன் சொல்லும். எதனால் என்று சொல்லாது.

அந்த 'எதனால்'தான் ஊரில் தெரியாத விஷயம். சென்னையில் 541 பேருக்கு ஸ்கேன் செய்து 2009இல் வெளியான ஆய்வில், குடியால் வராத ஈரல் கொழுப்பு 32 சதவீதம் பேருக்கு இருந்தது. சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கும் மேல்! சரி, பட்டணத்துப் பணக்கார நோய் என்று ஒதுக்கலாமா? 2010இல் வந்த மேற்கு வங்கத்து பீர்பூம் மாவட்டக் கிராம ஆய்வில் அது 8.7 சதவீதம்தான். ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேர் குண்டானவர்களே இல்லை. அப்பா மாதிரி ஆட்கள்.

அப்பாவின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மில்லில் ஒரு நாளைக்கு எட்டு டீ, எல்லாம் சீனி தூக்கலாக. சாயங்காலம் பரோட்டா, சால்னா. களைப்புக்கு அதுதான் மருந்து என்பார். குடிக்கிறது டீ மட்டும்தான், ஆனால் அதிலேயே எவ்வளவு சீனி!

பெயரால் வரும் அவமானம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2023இல் உலகளவில் ஈரல் மருத்துவர்கள் கூடிப் பேசி இந்த நோயின் பெயரையே மாற்றினார்கள். பழைய பெயரில் இருந்த 'குடி', 'கொழுப்பு' என்ற இரண்டு சொற்களும் நோயாளியைக் கூச வைக்கின்றன என்பது அதற்கு ஒரு காரணம். வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்தது என்பது இப்போதைய பெயர். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கினாலும் யாரையும் குடிகாரன் ஆக்காது.

ஸ்கேன் சர்வ வல்லமை உடையது என்றும் நினைக்க வேண்டாம். கொழுப்பு 20, 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதன் கண்ணில் படாமல் போகலாம். ஈரல் தழும்பேறிக் கெட்டிப்படுவதையும் சாதாரண ஸ்கேன் தொடக்கத்தில் காட்டாது. அதற்கு எலாஸ்டோகிராபி என்று வேறொரு கருவி. விலாவுக்கு இடையே மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும். கெட்டிப்பட்ட ஈரலில் வேகம் அதிகம். அந்தத் தட்டின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், நம் வீட்டுக் கரண்டின் அதே 50!

எல்லோருக்கும் எடுத்தவுடன் ஸ்கேனும் தேவையில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் இந்த நோயைத் தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்தது. 2024 செப்டம்பரில் திருத்திய வழிகாட்டியும் வந்தது. தொடக்கம் ஒரு இஞ்சி டேப்தான். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பிறகு வயது, ரத்தத்தில் இரண்டு ஈரல் நொதிகள், தட்டணுக்கள் ஆகிய நான்கையும் வைத்து ஒரு கணக்கு. அதில் ஒரு வர்க்கமூலம் வரும், நம் கால்குலேட்டர் போதும். கணக்கு சந்தேகம் காட்டினால் எலாஸ்டோகிராபி. முதல் கிரேடிலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் மாத்திரையே இல்லாமல், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியே கொழுப்பைக் கரைக்கலாம் என்றார் டாக்டர்.

அப்பாவுக்கு இப்போது டீ மூன்று, சீனி பாதி. பரோட்டா ஞாயிற்றுக்கிழமை மட்டும். அடுத்த ஸ்கேன் ஆடி கழித்து. மில்லில் மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு இப்போது கவலை அம்மாவைப் பற்றி. நாலு வருடமாகச் சர்க்கரை. காலை முதல் இருட்டும் வரை பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிற வேலை. டேப்பை வைத்து நானே அளந்தேன்: 94. ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம், அரை நாள்தான் ஆகும் என்றால், "அரை நாளுன்னா எத்தனை பீடி குறையும் தெரியுமாட்டி? எனக்கு என்ன வலியா, நோவா?" என்கிறார். வலி வந்த பிறகு போவதற்கு ஸ்கேன் எதற்கு என்று நான் கேட்க, அடுத்த மாசம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். மூணு மாசமாக இதே பதில்தான். இந்தத் தடவை இலை வாங்கப் போகாத நாளாகப் பார்த்து, மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவே கூட்டிப் போவதாகச் சொன்னார்.