முயலுக்கு நாலு கால்... புதுக்கோட்டைக்கு ஒரு நாள்!

'தான் பிடிச்ச முயலுக்கு மூணு கால்'னு சாதிக்கிற ஆசாமி எல்லா கிளாஸ்லயும் ஒருத்தர் இருப்பார். அவரை மடக்க ஒரு சிம்பிள் கேள்வி இருக்கு. ''பாஸ், நீங்க முயலை நிஜமாவே பார்த்திருக்கீங்களா?''

''ஓ... பார்க்ல பார்த்திருக்கேனே. வெள்ளையா, கண்ணு சிவப்பா, கேரட் கடிச்சுக்கிட்டு...''னு இழுத்தார்னா, அவர் அவுட்! அது நம்ம ஊர் முயலே கிடையாது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து குழிமுயலோட வம்சம். மனுஷன் வீட்டுல வளர்த்து வளர்த்து வெள்ளையாக்கிட்டான். நம்ம ஊர் முயல் வேற ஜாதி. கருங்கழுத்து முயல்னு பேர். மண் கலர் உடம்பு, பிடரியில மை தடவின மாதிரி ஒரு கறுப்புத் திட்டு, வாலோட மேல்பக்கமும் கறுப்பு.

ரெண்டும் சித்தப்பா பையன், பெரியப்பா பையன்தானேனு நினைக்காதீங்க. குழிமுயலுக்கு 44 குரோமோசோம், காட்டு முயலுக்கு 48. ரெண்டும் சேர்ந்து குட்டி போடவே முடியாது. குழிமுயல் வளை தோண்டி, அதுக்குள்ள முடியில்லாத, கண் திறக்காத குட்டிகளைப் போடும். காட்டு முயலுக்கு வளையே கிடையாது. புல்லுக்குள்ள தன் உடம்பு அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான் அட்ரஸ். குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் முடி, கண்ணும் திறந்திருக்கும். வெட்டவெளியில பிறக்குறவனுக்கு விவரம் சீக்கிரம் வரணும் இல்லையா!

சரி, இந்த ஒரிஜினல் பார்ட்டியை எங்கே பார்க்கிறது? அதுக்குத்தான் உங்களை புதுக்கோட்டைக்குக் கூப்பிடுறோம்.

ஜூவுல ஏன் இல்லை?

''எதுக்கு அவ்வளவு தூரம்? வண்டலூருக்கே போயிடலாமே''னு சென்னை ஃப்ரெண்ட்ஸ் கேட்பீங்க. 1855-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்சு, 1985-ல வண்டலூர்ல புது இடத்துல திறந்த ஜூ அது. புலி, சிங்கத்துக்கெல்லாம் அங்கே கூட்டம் அலைமோதும். ஆனா ஜூக்காரங்களுக்குக் காட்டு முயல் ஒரு தலைவலிதான்.

காரணம், அதோட உடம்பு ஓடுறதுக்குன்னே செஞ்சது. ரெண்டு கண்ணும் தலையோட ரெண்டு பக்கத்துல இருக்கிறதால, திரும்பாமலே கிட்டத்தட்ட சுத்துவட்டாரம் முழுக்க அதுக்குத் தெரியும். ஆபத்துன்னா முதல்ல அசையாம உட்காரும். அது பலிக்கலேன்னா, திடீர்னு எகிறி ஓடும். கூண்டுல அந்த ஓட்டம் எங்கே போய் முடியும்? கம்பிவலையில! மிரண்டு மோதியே அடிபட்டுக்கும். கூட்டமா அடைச்சா குடல் நோய் ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு ஒட்டிக்கும். அது ராத்திரி மேயுற ஜீவன் வேற. டிக்கெட் வாங்கிட்டுப் பகல்ல வர்றவங்களுக்கு அது தர்ற ஷோ, புல்லுக்குள்ள ஒரு மண் உருண்டை... அவ்வளவுதான்.

முயலுக்குத் தூரத்துச் சொந்தமான இன்னொரு கிராக்கி பைக்கா. இமயமலைப் பாறை இடுக்குல இருக்கும். காது குட்டை, வால் வெளியே தெரியாது, பார்க்க எலி மாதிரி. 1972-ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இதை 'இமாலய எலிமுயல்'னு சொல்லி, நம்ம கருங்கழுத்து முயலோட ஒரே வரியில எழுதியிருந்தது. வட அமெரிக்காவுல இருக்கிற பைக்கா, 25, 26 டிகிரி சூட்டுல சில மணி நேரம் மாட்டினாலே செத்துப்போகலாம். புதுக்கோட்டை சித்திரை வெயில்ல அதை நினைச்சுப் பாருங்க!

முடியவே முடியாதுன்னும் இல்லை. மெக்சிகோவுல எரிமலைச் சரிவுல மட்டும் வாழுற எரிமலை முயலை, மெக்சிகோ சிட்டியோட சாபுல்டெபெக் ஜூவுல பல வருஷமா வளர்த்து குட்டி போட வெச்சிருக்காங்க. அழியப்போற இனத்துக்கு அது கடைசி இன்ஷூரன்ஸ். நம்ம ஊர் முயலுக்கு இன்னும் அந்த நிலைமை வரலை. வராம இருக்கணும்கிறதுதான் மேட்டரே!

ரூட் இதுதான்!

திருச்சியிலேர்ந்து புதுக்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். முதல் நாள் சாயங்காலமே போய் இறங்கிடுங்க. விடிகாலையில அன்னவாசல் பக்கம் போனா சித்தன்னவாசல். குடைவரைக் கோயில்ல இருக்கிற தாமரைக்குள ஓவியத்தைப் பார்க்க எல்லாரும் வெயில் ஏறினபிறகு வருவாங்க. நீங்க விடியும்போதே மலையடிவாரத்து ரோட்டோரம் நில்லுங்க. சூரன் முள்ளு, காரை முள்ளு, காய்ஞ்ச புல், நடுநடுவே பாறை... 'பொட்டல்'னு நாம கை கழுவுற இந்த இடம்தான் முயலுக்கு ஃபைவ் ஸ்டார் ஓட்டல்.

முயல் உடனே தரிசனம் தராது. முதல்ல தடயம் தேடுங்க. கடலை சைஸுல, லேசா தட்டையான உருண்டைப் புழுக்கை கிடக்கும். மணல்ல கால் தடம் இருந்தா கவனிங்க. ரெண்டு நீளத் தடம் முன்னாடி, ரெண்டு சின்னத் தடம் பின்னாடி. முன்னாடி இருக்கிறதுதான் பின்னங்கால்! தாவும்போது பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி விழும். 'மூணு கால்' ஆசாமியைக் கூட்டிட்டுப் போயிருந்தா, இங்கேயே எண்ணிக் காட்டிடுங்க.

அடுத்து நார்த்தாமலை. விஜயாலய சோழீஸ்வரம் இருக்கிற பாறைமேல உட்கார்ந்தா, கீழே புதர்க்காடு மேப் மாதிரி விரியும். மத்தியானம் வெயிலுக்கு ஒதுங்க, திருக்கோகர்ணத்துல இருக்கிற அரசு அருங்காட்சியகம். 1910-ல சமஸ்தானம் ஆரம்பிச்சது. பாடம் பண்ணின மிருகங்கள், செப்புத் திருமேனிகள், புதுக்கோட்டை சமஸ்தானத்தோட சொந்த அம்மன் காசு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. விடுமுறை நாளை மட்டும் விசாரிச்சுட்டுப் போங்க.

காடு எங்கே போச்சு?

பஸ்ல வரும்போது ஜன்னல் வழியா ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. வரிசை வரிசையா தைலமரம். 1948-ல இந்தியாவோட இணையுற வரைக்கும் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அப்போ இந்தக் காடுகள்ல ராஜா வேட்டையாடுவார். அரசாங்கம் கைக்கு வந்த அப்புறம், காட்டு நிலத்துல பெரும்பகுதி தைலமரத் தோட்டமா மாறிடுச்சு. தூரத்துலேர்ந்து பச்சைப் பசேல்னுதான் தெரியும். இறங்கி நடந்தா, அடியில சருகுதான். புல்லும் புதரும் இல்லாத இடத்துல முயல் என்னத்தைத் தின்னும், எங்கே ஒளியும்? கண்மாய்க்குத் தண்ணி வரலைன்னு விவசாயிகளும் இதே மரத்தை எதிர்த்துப் பல வருஷமா குரல் கொடுக்குறாங்க. முயலுக்கும் விவசாயிக்கும் ஒரே எதிரி! இத்தனைக்கும் முயல் அவங்க கடலைச் செடியைக் கடிக்கிற ஆள்தான்.

மிச்சம் இருக்கிறது கோயில் காடுகளும், மலையடிவாரப் புதர்களும்தான். அங்கேயும் ராத்திரியானா நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு வேட்டைக்கு வர்றவங்க உண்டு. வெளிச்சம் கண்ணுல பட்டா முயல் அப்படியே உறைஞ்சு நிக்கும். ஓடத் தெரிஞ்ச ஜீவனை நிக்க வெச்சு அடிக்கிறதுல என்ன வீரம்? 2022-ல திருத்தின சட்டப்படியும் முயல் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். வேட்டையாடினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும். 'ஹாஸ்டல் பசங்க சேர்ந்து ஒரு முயல் கறி விருந்து'னு யாராவது கூப்பிட்டா, டிகிரி முடிக்கிற எண்ணம் இருக்கிறவங்க எஸ்கேப் ஆகிடுங்க!

போறதுக்கு முன்னாடி...

ராத்திரி டார்ச்சோட காட்டுப் பக்கம் போகாதீங்க. வேட்டைக்காரன்னு நினைச்சு வனத்துறை உங்களையே அள்ளிட்டுப் போகும். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையாதீங்க. ரோட்டோரமே போதும். முயலைப் பார்த்துட்டா போட்டோவை ஸ்டேட்டஸ்ல போடுங்க, ஆனா எந்த இடம்னு எழுதாதீங்க. உங்க ஃப்ரெண்ட் லைக் போடுவான். அதைப் பார்க்கிற இன்னொருத்தன் வலை போடுவான்.

முக்கியமான விஷயம் ஒண்ணு. புல்லுக்குள்ள குட்டி தனியா உட்கார்ந்திருந்தா, 'ஐயோ பாவம், அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு'னு தூக்கிட்டு வந்துடாதீங்க. அம்மா விட்டுட்டுப் போகலை. தன் வாசனையை வெச்சு நரி குட்டியைக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு தள்ளியே இருக்கும். இருட்டினபிறகு வந்து பால் கொடுக்கும். நீங்க 'காப்பாத்தி' ரூமுக்குக் கொண்டு வந்த குட்டி, பாலுக்கு ஏங்கியும் பயந்துமே செத்துப்போகும். நிஜமாவே அடிபட்டிருந்தா வனத்துறைக்குச் சொல்லுங்க. இல்லேன்னா வந்த வழியே திரும்பிடுங்க.

முதல் ட்ரிப்லயே முயலைப் பார்த்தே தீருவீங்கன்னு கேரண்டி கிடையாது. புழுக்கையையும் கால் தடத்தையும் மட்டும் பார்த்துட்டுத் திரும்பலாம். பரவாயில்லை. அந்தப் புதர்ல ஒரு முயல் உங்களைப் பார்த்திருக்கும். அடுத்த தடவை நீங்க போகும்போதும் அந்தப் புதர் அங்கேயே இருக்கணும். வேண்டிக்குங்க... முடிஞ்சா கேள்வியும் கேளுங்க!