அப்பாவின் சட்டை வாசனை

என் அப்பா குடிகாரர் இல்லை. அம்மா அதை நம்புவதற்கு நாற்பது வருஷம் ஆனது. அதுவும் ஒரு சேவலின் புண்ணியத்தில்!

அப்பா, குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் பட்லர். சனிக்கிழமை ராத்திரி கடைசி பஸ்ஸில் பர்லியாரில் வந்து இறங்குவார். சில வாரம் சட்டையில் ஒயின் வாடை தூக்கும். “இது சமைச்ச வாடை புள்ள, குடிச்ச வாடை இல்ல” என்பார். “கோழிக்கு எவனாவது சாராயம் ஊத்துவானா?” என்று அம்மா அந்தச் சட்டையைத் தனி வாளியில் போடுவார். அந்த அயிட்டத்துக்கு அப்பா சொன்ன பெயர் ‘கொக்கோவான்’. கொக்கோ போட்ட பலகாரம் என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அப்பா போய் மூன்று வருஷம். அவர் வாங்கி விட்ட சேவல் போன மாதம் என் பையனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொத்திவிட்டது. அம்மா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்புறம், “அடிச்சிடலாம். ஆனா குழம்பு வெச்சா ரப்பரா இருக்குமே” என்றார்.

அப்போதுதான் கொக்கோவான் ஞாபகம் வந்தது. போனில் தேடினேன். பிரெஞ்சில் ‘கோக்’ என்றால் சேவல், ‘வான்’ என்றால் ஒயின். பிராய்லருக்கான சமையலே இல்லை இது. கிழட்டுச் சேவலின் கெட்டி நரம்பும் ஜவ்வும் மெதுவாகக் கரைந்து குழம்புக்குக் கொழகொழப்பு தருவதில்தான் விஷயமே இருக்கிறது.

தம்பி குன்னூரிலிருந்து ஒரு பாட்டில் சிவப்பு ஒயினைப் பேப்பரில் சுற்றி, திருட்டுப் பொருள் மாதிரி கொண்டுவந்தான். துண்டுகளை அதில் கேரட், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, ஊட்டி தைம் சேர்த்து ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். ஒரு வெங்காயத்தில் ஒரே ஒரு கிராம்பைக் குத்திப் போட்டேன். இங்கே அரசுத் தோட்டக்கலைப் பண்ணை 1871-லிருந்து இருக்கிறது; கிராம்பும் ஜாதிக்காயும் எங்களுக்குக் கொல்லைச் சரக்கு.

காலையில் கறியை ஈரம் போகத் துடைத்து, வெண்ணெயில் சிவக்க வறுத்தேன். ஈரத்தோடு போட்டால் வேகும், சிவக்காது. (அவர்கள் பன்றிக்கொழுப்பும் சேர்ப்பார்கள்; அம்மா சாப்பிட மாட்டார், விட்டுவிட்டேன்.) மேலே இரண்டு ஸ்பூன் மைதா தூவிப் புரட்டி, ஊறிய ஒயினை ஊற்றினேன். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், ஒயினின் புளிப்புக்கு ஆகாது.

“குக்கர்ல பத்து விசில் விடேன்” என்றார் அம்மா. கறி வெந்துவிடும், ஆனால் மூடிக்குள் ஒயின் சுண்டாது, பச்சைப் புளிப்பு அப்படியே நிற்கும். சிறு தீயில் மூன்று மணி நேரம் வைத்தேன். கடைசியில் வெண்ணெயில் வதக்கிய சின்ன வெங்காயமும் காளானும். சின்ன வெங்காயத்துக்கு நமக்கென்ன கவலை! எவ்வளவு கொதித்தாலும் ஆல்கஹால் அடியோடு போய்விடாது. அதனால் பையனுக்குத் தனியாக முட்டைக்குழம்பு.

இரண்டாவது மணி நேரத்தில், வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து அடுப்படி நிலைப்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

“இந்த வாடைதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப சமைச்சிட்டுத்தான் வந்திருக்காரு.”

நான் கரண்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். “காரமே இல்லையே” என்றார். அப்புறம் பேச்சில்லை. எலும்பு வரை சுத்தமாகச் சாப்பிட்டார்.

“ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்ட மனுஷன், ஒரு நாள் வீட்ல ஆக்கிக் காட்டியிருந்தா என்னவாம்?” என்று கேட்டவர், “ஆமா, அந்த பாட்டில் என்ன விலை?” என்றார்.

பாதியைக் குறைத்துத்தான் சொன்னேன்.

“அடேங்கப்பா! அதான் ஆக்கலை” என்று சொல்லி, தட்டை நீட்டினார்.